பாவாடைக்குள் இரும்பு

என் வயதை ஒத்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்ன வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீங்கள் எல்லோரும் கண்மாயில் குதித்ததையும் மாங்காய் திருடியதையும் சொல்கிறீர்கள். நான் எதிலும் குதிக்கவில்லை. எட்டு வயது வரைக்கும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். உங்கள் கதைகளைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறந்தபோது நான் அழவில்லையாம். உடம்பு நீலம் பாரித்துக் கிடந்ததாம். மருத்துவச்சி தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்த பிறகுதான் சத்தம் வந்ததாம். அதற்குள் மூளைக்குப் போக வேண்டிய காற்று போகாமல் போய்விட்டது. இதை எனக்கு ஒரு இளவயது டாக்டர் சொன்னபோது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. மூளை முடக்குவாதம் என்று அதற்குப் பேர் சொன்னார். எங்கள் ஊர் அவனியாபுரத்தில் அன்றைக்கு அதற்கு வேறு பேர்கள் இருந்தன. சிலர் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். சிலர், அம்மா மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போய்விட்டாள் என்றார்கள். அப்பா மட்டும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பார். மாடு பால் குறைத்தால்கூட தெருவில் போகிறவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

என் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தூக்கி நிறுத்தினால் விரல் நுனியில் நிற்பேன். குதிகால் தரையில் படாது. இடது கை எப்போதும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே. உள்ளங்கையில் வேர்வை ஊறிப் புளித்த வாடை அடிக்கும். அம்மா தினமும் விரல் விரலாகப் பிரித்துத் துடைத்துவிடுவாள். திடீரென்று ஏதாவது சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கக் கட்டையாகிவிடும். அது உலகச் சண்டைக் காலம் வேறு. ஊருக்கு வெளியே ஏரோப்ளேன் இறங்க இடம் போட்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒன்று போனால் போதும், வாயில் வைத்த சோறு வெளியே வந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நானாக வெளிக்குப் போய்வர வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிகாலையில் உடைமரப் புதர்ப் பக்கம் ஒன்றாகப் போவார்கள். அம்மா என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய், பிடித்து உட்காரவைத்து, கழுவித் தூக்கி வருவாள். எட்டு வயதுப் பிள்ளை. மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"ஏத்தா, கல்யாணத்தன்னைக்கும் இப்பிடித்தான் இடுப்புல வச்சுக்கிட்டு மணவடையச் சுத்துவியா?"

 அம்மாவின் இடுப்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கல்யாணப் பேச்சு சும்மா வந்ததல்ல. பழங்காநத்தத்தில் என் தாய்மாமன் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். அவருக்கு என்னைவிட மூன்று வயது மூத்த மகன் ஒருவன். நான் பிறந்த பதினாறாம் நாள் மாமா வெள்ளித் தண்டையோடு வந்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், பிள்ளை எங்கள் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அப்போது என் காலில் கோளாறு இருப்பது யாருக்கும் தெரியாது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் மாமா வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. எங்கள் ஆட்களில் தாய்மாமன் அப்படி வாங்க முடியாது. வாங்கினால் அக்கா வீட்டுப் படி ஏற முடியாது. அவர் மனைவிக்கு, அதாவது என் அத்தைக்கு, அந்த வார்த்தை தொண்டையில் மாட்டிய முள்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கால் நடக்கவேண்டும் என்று போகவில்லை. முழங்கால் இரண்டும் உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது. மாமாதான் தன் ஒற்றை மாட்டு வண்டியில் அம்மாவையும் என்னையும் டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் என் கால்களைப் பிரித்துப் பார்த்தாள். விட்டாள். மறுபடி மெதுவாகப் பிரித்தாள். பிறகு அம்மாவிடம், இது மருந்தில் தீருகிற சமாசாரம் இல்லை, பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் நடப்பாள், வாராவாரம் வரமுடியுமா என்று கேட்டாள். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா, வண்டி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த நர்ஸை நான் தெய்வம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவள் கை முரட்டுக் கை. கார்பாலிக் சோப்பு வாடை. நான் கத்தினால், கத்து, கத்தினால் நெஞ்சுக்கு நல்லது என்பாள். அவளுக்கும் எங்கள் மேல் சந்தேகம்தான். ஒவ்வொரு முறையும் முதலில் என் குதிகாலைத் திருப்பிப் பார்ப்பாள். தோல் பூப்போல இருந்தால் அம்மாவுக்கு ஏச்சு விழும்.

"இது மண்ணுல பட்ட குதிகாலா? வீட்டுல நிக்கவே வைக்கல நீங்க. இங்க வந்து தலைய மட்டும் ஆட்டுறீங்க."

அம்மா தினமும்தான் நிற்க வைத்தாள். நிற்க வைத்தாலும் குதிகால் இறங்கவில்லை. அதைச் சொன்னால் நர்ஸ் நம்பவில்லை.

வீட்டில் செய்யச் சொன்னவை இவை. சாக்கைச் சுருட்டிக் கட்டி அதன்மேல் குதிரை ஏறுவதுபோல் கால் பரப்பி உட்கார வேண்டும். பழைய சேலைத் துணியில் மணல் நிரப்பித் தைத்த பையை முழங்காலில் ஏற்றி வைக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். இரண்டு கம்புகளுக்கு நடுவில் பிடித்து நடக்க வேண்டும். கடைசியாக ஒன்று. வலது கையைத் துணியால் கட்டிவிட்டு இடது கையாலேயே எல்லாம் செய்ய வேண்டும். சாப்பிடுவதும்.

அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதில்தான்.

"சோத்தாங்கையக் கட்டிட்டு பீச்சாங்கையால திங்கச் சொல்றாளா? இன்னைக்குப் பீச்சாங்கையால திங்கச் சொல்லுவா, நாளைக்கு முழங்கால் போடச் சொல்லுவா. கிறித்துவ வேதத்துல சேக்குறதுக்கு இதெல்லாம் ஒரு வழி. நீ ஒரு கூறுகெட்டவ."

அம்மா சண்டை போடவில்லை. இடது கையால் புளியங்கொட்டை பொறுக்கட்டும், சோறு வேண்டாம் என்று முடித்துவிட்டாள். ஒரு தகர டப்பா நிறையப் புளியங்கொட்டை. ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போடுவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். நர்ஸிடம் சோற்றையும் அந்தக் கையால்தான் சாப்பிடுகிறாள் என்று அம்மா பொய் சொன்னாள். நர்ஸ் என் இடது கையை முகர்ந்து பார்த்தாள். சோற்று வாடை இல்லை. அதற்கும் ஏச்சு.

இத்தனை பேசினாலும் நடப்பதற்குக் கம்பு செய்துகொடுத்தது அப்பாதான். மாட்டுத் தொழுவத்தில் நான்கு மரமுளை அடித்து, அவற்றின் மேல் இரண்டு பழைய நுகத்தடிகளை வைத்துக் கட்டினார். மாட்டுக் கழுத்து பட்டுப் பட்டு அவை வழவழவென்று தேய்ந்திருந்தன. கையில் சிராய் ஏறாது. தொழுவ வாசலில் சாக்குப் படுதா தொங்கவிட்டார். யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் பட்டுவிடும், பட்டால் வருகிற நடையும் வராது. அம்மாவும் இதில் அப்பா பக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டால், பிள்ளைக்குப் புண் ஆறவில்லை என்று சொல்லிவைத்தாள். மாமா வந்தால் வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டு வருவாள். வாரம் தவறாமல் வண்டி ஓட்டிய மனிதருக்குக்கூட அந்தப் படுதாவை விலக்கிக் காட்டவில்லை. தாய்மாமன் கண்ணும் கண்தானே என்றார் அப்பா.

புரட்டாசி போய் ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒருநாள். தொழுவத்தை அம்மா கழுவிவிட்டிருந்தாள். மூத்திரமும் ஈர வைக்கோலும் கலந்த வாடை. நான் நுகத்தடிகளைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. தண்ணீர் என்று நினைத்தேன். தரை. குதிகாலுக்குக் குளிர் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்விடும் என்று பயம். கூப்பிடாமலே அப்படியே நின்றேன்.

கார்த்திகையில் கம்பைப் பிடிக்காமல் நாலு எட்டு வைத்தேன். மார்கழியில் தொழுவத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போனேன். அழகான நடை இல்லை. உடம்பு ஒரு பக்கம் சாயும், இடது கால் கோடு போட்டுக்கொண்டு வரும். ஆனாலும் நடை. அம்மா மட்டும் இருந்தால்தான் அது வரும். அப்பா படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தால் கால் இரண்டும் பின்னிக்கொள்ளும். பயந்தால், கூச்சப்பட்டால் தசை இறுகும், அதுதான் அந்த நோயின் குணம் என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு அப்பா சொன்னது வேறு.

"ஆத்தாகிட்ட நடக்குறா, என்னையக் கண்டா விழுகுறா. நோவு இல்ல இது, நடிப்பு. தூக்கிச் சொமக்க ஆள் இருக்குல்ல, அந்தச் சொகம்."

சொகமாம். அவரை யாராவது நாலு பெண்கள் முன்னால் பிடித்து உட்காரவைத்துக் கழுவிவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் அத்தைக்கு வாராவாரம் வண்டி எங்கே போகிறது என்று மூக்கில் வேர்த்துவிட்டது. ஒருமுறை எங்களோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். அங்கே இளம்பிள்ளை வாதம் வந்த ஒரு பையனுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்வாரும் மாட்டி நடக்கவிட்டிருந்தார்கள். அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூளை அந்த இடத்திலேயே வேலை செய்துவிட்டது என்று நினைக்கிறேன். பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காட்டுவதில்லை. பாவாடையைக் கணுக்கால் வரை தொங்கவிடுகிறார்கள். அப்படியானால் உள்ளே இரும்பு மாட்டி நடக்கப் பழக்குகிறார்கள். தாலி ஏறும் வரை மறைத்துவிட்டு, அதற்குப் பிறகு கழற்றிக் காட்டுவார்கள்.

பார்த்ததை வைத்து அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. கெட்டதும் அதனால்தான்.

பொங்கலுக்கு எங்களைப் பழங்காநத்தம் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அத்தோடு ஒரு வார்த்தையும் வந்தது. பிள்ளை செம்பில் தண்ணீர் எடுத்து வாசலிலிருந்து சாமி படம் வரை கொண்டுபோய் வைக்கட்டும், சொந்தக்காரர்கள் பார்க்கட்டும், நடந்தால் வார்த்தை வார்த்தைதான், இல்லையென்றால் இருதரப்பும் மனசில் ஒன்றும் வைக்காமல் விலகிக்கொள்ளலாம். பெண் பார்க்கப் போனால் நடக்கவிட்டுப் பார்ப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். எட்டு வயதுப் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்தது எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அம்மா வேண்டாம் என்றாள். அப்பா மீசையைத் தடவினார். அவருக்கு அது பொறி என்று தெரிந்தது. தெரிந்தும் தலையைக் கொடுத்தார், ஏனென்றால் மானம். அன்றிலிருந்து பயிற்சி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. தொழுவத்தில் அவரே நின்றார். கையில் சாட்டைக் கம்பு. அடித்தார் என்று சொல்லமாட்டேன், தரையில்தான் தட்டுவார். ஆனால் அந்தச் சத்தமே எனக்குப் போதும். மணல் பையின் எடையைக் கூட்டினார். தொடைச் சதை இரவெல்லாம் துள்ளும். அந்த வாரம் நர்ஸ் என் காலைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டாள். யார் இந்தப் பிள்ளையைப் போட்டு விரட்டியது என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள்.  அப்பா வெளியே வண்டியடியில் நின்றுகொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் போனோம். மாமா வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கரும்புச் சக்கையும் மஞ்சள் கொத்தும் மிதிபட்டுக் கிடந்தன. மாமன் மகன் தூணைப் பிடித்துக்கொண்டு, முட்டாள் மாதிரி, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்குப் பதினொரு வயது. அவன் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துகொள்கிற சந்தர்ப்பம் பிறகு எனக்கு வரவே இல்லை.

அம்மா என்னை வாசலில் இறக்கிவிட்டாள். செம்பை இரண்டு கையிலும் கொடுத்தாள். காதில், "தொழுவம்னு நெனச்சுக்கத்தா" என்றாள்.

நான் நினைத்தேன். மாட்டு வாடையை நினைத்தேன், ஈரத் தரையை நினைத்தேன். நடந்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், நான் நடந்தேன். செம்புத் தண்ணீர் தளும்பி விரலில் வழிந்தது. கீழே ஒரு சொட்டுதான் போயிருக்கும். ஒரு கிழவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். பாதி முற்றம் தாண்டியிருப்பேன். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு தெரிந்தது.

"செத்த நில்லுத்தா" என்றாள் அத்தை.

நின்றேன். அவள் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். கணுக்காலில் இருந்து மேலே தடவிக்கொண்டு வந்தாள். வண்டிச் சக்கரத்தில் அச்சாணியைத் தேடுகிற மாதிரி. கெண்டைக்காலைச் சுற்றி அழுத்தினாள். முழங்காலுக்குப் பின்னால் விரலை விட்டாள்.  எனக்கு அடிவயிற்றிலிருந்து இறுகிக்கொண்டு வந்தது. கால் பின்னியது. செம்பு முதலில் விழுந்தது, அப்புறம் நான்.

அப்பா பாய்ந்து வந்தார். என்னைத் தூக்க வரவில்லை. அத்தைக்கு நேராகப் போய் நின்றார்.

"என்னத்தத் தேடுன தங்கச்சி? சொல்லு. எம்புள்ள காலுல என்னத்தத் தேடுன?"

"இரும்பத்தான் தேடுனேன் அண்ணே. இம்புட்டு நாளா மூடி மூடி வச்சா, வேற என்னத்த நெனைக்கிறது?"

"நீ பாத்துக்கிட்டுத்தான நிக்கிற மாப்ள. உம் பொண்டாட்டி செய்யுறது ஒனக்குச் சம்மதமா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன் மச்சான்" என்றார். "வாராவாரம் வண்டி கட்டுனேன். ஒருநா ஒரு பொழுது அந்தச் சாக்க வெலக்கிக் காட்டுனீகளா?"

இதுதான் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உண்மையான பேச்சு. ஆனால் அப்பாவுக்கு அது செருப்படி மாதிரி. அந்த நிமிஷத்தோடு உறவு அறுந்தது என்று சொல்லி, தண்டையை இன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி, வாசலுக்குப் போனார். நான் ஈரத் தரையில் கிடந்தேன். பாதி முற்றம் வரை நான் நடந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரும்பு இல்லாமல் நடந்தாளே என்று அத்தையும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அவர்கள் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும்தான் என் கால். நடக்க அல்ல.

வண்டி போயிற்று. வண்டியோடு ஆஸ்பத்திரியும் போயிற்று. அம்மா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். அந்த வெள்ளைச் சேலைக்காரி நர்ஸ்தான் அத்தையிடம் இரும்பு பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். நர்ஸ் நாங்கள் ஏன் வரவில்லை என்று என்ன நினைத்திருப்பாளோ. சோம்பேறிகள் என்றுதான் நினைத்திருப்பாள்.

ஒரு காலையில் தொழுவத்தில் தட்டுகிற சத்தம். அப்பா முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நுகத்தடி இரண்டையும் விறகுக்குப் போட்டார். மணல் பையைப் பிரித்து அம்மா மணலைக் கொட்டினாள். புளியங்கொட்டை டப்பாவில் உப்பு போட்டு வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கத்தில் வந்து தலையைத் தடவினாள்.

"இனிமே என்னத்துக்குத்தா அம்புட்டுக் கஷ்டம். விடு. நான் இருக்கேன்ல, தூக்கிக்கிறேன்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். அதற்காக எனக்கு வந்த கோபம் குறையவில்லை. இன்றைக்கும் குறையவில்லை.

மாமா வீட்டு முற்றத்தில் விழுந்ததிலிருந்து வந்த நடையும் போயிருந்தது. அம்மா வயலுக்குப் போன பிறகு தவழ்ந்து தொழுவத்துக்குப் போவேன். கம்பு இல்லை. மாட்டுத் தண்ணித் தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்திருப்பேன். தொட்டியைச் சுற்றி வருவேன். விழுந்தால் சாணி, அடிபடாது. மாடு திரும்பிப் பார்க்கும், மென்றுகொண்டே இருக்கும். அதற்கு என் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. தை போய், மாசி போய், பங்குனியில் தொட்டியை விட்டுச் சுவருக்கு வந்தேன். சுவரை விட்டு வாசல் படலுக்கு வந்தேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு மற்ற பெண்கள் வெளிக்குப் போய்வந்துவிட்டார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. படலைப் பிடித்தேன், வேலியைப் பிடித்தேன், வேலி முடிந்த பிறகு எதையும் பிடிக்கவில்லை. மண் சுடவில்லை இன்னும். மூன்று தடவை விழுந்தேன். உடைமரப் புதரில் முள் குத்தியது. உட்கார்ந்தேன். நானாக எழுந்தேன்.

அதற்குள் அம்மா என்னைக் காணாமல் ஓடிவந்துவிட்டாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"யாரு ஒன்னையக் கொண்டாந்து விட்டது? ஒம் மாமன் வீட்டு ஆளுக யாரும் வந்தாகளா?"

நானாக வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தாள். வேறு காலடி இருக்கிறதா என்று தேடினாள். புதரிலிருந்து வேலி வரை பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள். ஒரே ஒரு தடம்தான், இடது பக்கம் இழுத்துக்கொண்டு போன கோட்டோடு. விழுந்த இடங்களில் கை பதிந்திருந்தது. அம்மாவுக்கு முகம் கோணியது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள்.

"வேணாம்" என்றேன். "நீ முன்னால போ. திரும்பிப் பாக்காமப் போ."

அம்மா கீழே கிடந்த கரண்டியை எடுத்தாள். அப்புறம் திரும்பி நடந்தாள். மெதுவாக நடந்தாள், வீடு வரைக்கும் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. நான் பின்னால் வந்தேன்.